நடவாத போட்டியின் நடுவர்

நடந்து முடிந்த போட்டிக்கு ஒரு முடிவு உண்டு. வென்றவரின் கையை நடுவர் உயர்த்தியதும் பேச்சு பெரும்பாலும் அடங்கிவிடும். நடவாத போட்டிக்கோ முடிவே கிடையாது. தலைமுறைகள் மாறினாலும் அந்த வழக்கு மட்டும் ஓயாமல் நடந்துகொண்டே இருக்கும்.

எங்கள் அரியூரில், விழுப்புரம் சாலையோரத் தேநீர்க் கடையில், இத்தகைய வழக்கொன்று சில ஆண்டுகளாகவே நடந்துவருகிறது. 2021இல் ‘சார்பட்டா பரம்பரை’ திரைப்படம் வெளிவந்தது முதல் இளைஞர்கள் குத்துச்சண்டையைப் பற்றிப் பேசக் கேட்கிறேன். படத்தின் கதை கற்பனை. அதற்கு அடித்தளமான வடசென்னைக் குத்துச்சண்டை மரபு உண்மை. சார்பட்டா, இடியப்ப நாயக்கர், எல்லப்ப செட்டியார் என்னும் பரம்பரைகளில் உழைக்கும் மக்களின் பிள்ளைகள், ஆங்கிலேயர் கொண்டுவந்த கலையைத் தமதாக்கிக்கொண்டு மேடையேறினார்கள். அவர்களுள் 1940களில் புகழ்பெற்றவர் மீனவரான கித்தேரி முத்து. நாட் டெர்ரி என்ற ஆங்கிலோ இந்திய வீரரை அவர் வீழ்த்தியதை வடசென்னை இன்றும் சொல்லி மகிழ்கிறது. கித்தேரி என்ற சொல்லைக் கேட்டதும் நம் மக்களுக்குக் கித்தேரியம்மாளின் நினைவு வரும். ஆகவே எங்கள் இளைஞர்களுக்கு அவர்மேல் தனிப் பாசம்.

கடையில் நடக்கும் வழக்கு இதுதான்: கித்தேரி முத்துவும் முகமது அலியும் மோதியிருந்தால் வென்றிருப்பவர் யார்? அலி பிறந்தது 1942இல். முத்து மேடையில் நின்ற காலத்தில் அவர் சிறு குழந்தை. 1980இல் சென்னைக்கு வந்து ஜிம்மி எல்லிஸுடன் காட்சிப் போட்டி ஆடியபோது அவருக்கு முப்பத்தெட்டு வயது. இருவரும் ஒரே மேடையில் நிற்க வழியே இல்லை. ஆனால் வழியில்லை என்பதா வாதத்தை நிறுத்தும்? “சாமி, நீங்களே தீர்ப்புச் சொல்லுங்க” என்று என்னையும் இழுப்பார்கள்.

இத்தகைய வழக்குக்கு ஒருமுறை இயந்திரத்திடமே தீர்ப்புக் கேட்டார்கள். ராக்கி மார்சியானோ 49 போட்டிகளில் ஒன்றில்கூடத் தோற்காமல் ஓய்வுபெற்றவர். அலியோ வியட்நாம் போருக்குச் செல்ல மறுத்ததால் 1967இல் பட்டத்தை இழந்து, 1970 அக்டோபர் வரை மேடையேற இயலாமல் இருந்தவர். இவ்விருவரில் யார் பெரியவர்? மரே வொரோனர் என்ற அமெரிக்கர், வல்லுநர்களின் கருத்துகளைத் திரட்டிக் கணினிக்குள் செலுத்தினார். 1969இல் இருவரையும் அழைத்து, பல சுற்றுகள் மோதுவதுபோல் நடிக்கவைத்துப் படம் பிடித்தார். நாற்பத்தைந்து வயது மார்சியானோ உடல் மெலிந்து, தலையில் பொய்முடி அணிந்து வந்தார். வெவ்வேறு முடிவுகளும் படமாக்கப்பட்டன.

1969 ஆகஸ்டு 31 அன்று மார்சியானோ விமான விபத்தில் இறந்தார். 1970 ஜனவரி 20 அன்று திரையரங்குகளில் படம் காட்டப்பட்டபோது, பதின்மூன்றாம் சுற்றில் அலியை வீழ்த்தியவர் அவரே. அந்தக் கணினியை அலபாமாவில் செய்திருப்பார்கள் என்று அலி கேலி செய்தார். கறுப்பின மக்களுக்கு அலபாமா இழைத்த கொடுமைகளை அறிந்தவர்களுக்கு அந்தக் கேலியின் உறைப்புப் புரியும். ஐரோப்பாவில் காட்டப்பட்ட பிரதியிலோ வென்றவர் அலி. பார்ப்பவர் மாறியதும் தீர்ப்பும் மாறிற்று! நடவாத போட்டியில் தீர்ப்பு, வீரர்களைப் பற்றியன்று; தீர்ப்பிடுகிறவர்களைப் பற்றியே நமக்குச் சொல்கிறது.

குருமடத்தில் நாங்கள் படித்த பழைய விவாதமொன்று இங்கே நினைவுக்கு வருகிறது. நடவாதவை நடந்திருந்தால் எவ்வாறு நடந்திருக்கும் என்பதையும் இறைவன் அறிவார் என்று இயேசு சபைக் குரு லூயிஸ் தெ மொலினா 1588இல் எழுதினார். கெயிலா ஊரார் தம்மைப் பிடித்துக் கொடுப்பார்களா என்று தாவீது ஆண்டவரிடம் கேட்டார். கொடுப்பார்கள் என்று விடை வந்தது. தாவீது அவ்வூரைவிட்டு நீங்கினார். காட்டிக்கொடுத்தல் நிகழவே இல்லை. மொலினாவின் சார்பில் காட்டப்படும் சான்றுகளுள் இதுவும் ஒன்று. சாமிநாதர் சபையார் அவரது விளக்கத்தை மறுத்தனர். பல ஆண்டு விவாதத்துக்குப் பின், 1607இல் திருத்தந்தை ஐந்தாம் பவுல் எப்பக்கமும் தீர்ப்பிடாமல், ஒருவரையொருவர் கண்டனம் செய்யாதீர்கள் என்று சொல்லி அனுப்பினார். இறைவனின் அறிவைப் பற்றியே இவ்வளவு தயக்கம் என்றால், நம்முடைய ‘இருந்திருந்தால்’களில் எவ்வளவு அடக்கம் வேண்டும்!

தேநீர்க் கடையில் இவ்வழக்கால் யாருக்கும் காயமில்லை. வீடுகளில் நடக்கும் வழக்குதான் என்னைக் கலங்கவைக்கிறது. என் பங்கில் ஒரு தாய். மூத்த மகன் இருசக்கர வாகன விபத்தில் இறந்து ஆண்டுகள் சில ஆகின்றன. இளையவன் தொழிற்பேட்டையில் ஷிப்டு வேலை பார்த்து வீட்டைத் தாங்குகிறான். அவன் கொண்டுவரும் எதற்கும் அந்த வீட்டில் ஒரே தீர்ப்புதான்: “பெரியவன் இருந்திருந்தா இந்நேரம் மாடி எழும்பியிருக்கும்.” சென்ற ஆண்டு நினைவுத் திருப்பலி முடிந்து எல்லாரும் போனபின், அவன் என்னிடம் வந்து மெல்லச் சொன்னான்: “அண்ணன் மேல எனக்குக் கோபம் இல்ல சாமி. ஆனா தெனமும் அவருகிட்டத் தோத்துப்போறேன்.”

இறந்தவரோடு உயிரோடிருப்பவன் எப்படி மோதுவான்? இறந்தவருக்குக் களைப்பில்லை, கடனில்லை, சம்பளம் தாமதமாவதில்லை. நம் அன்பு அவருக்கு ஒவ்வொரு சுற்றிலும் மதிப்பெண்ணைக் கூட்டிக்கொண்டே போகிறது. வாழ்கிறவனுக்கோ வியர்வையும் தவறுகளும் கண்முன் தெரிகின்றன. அந்தத் தாயின் சொல்லில் வன்மம் இல்லை, துயரம்தான் இருக்கிறது. நான் அவரிடம் சொன்னது இவ்வளவே: “பெரியவனுக்காக அழுங்கம்மா, யாரும் தடுக்கல. சின்னவன் வேலை முடிஞ்சு வரும்போது மட்டும் அந்தப் பேச்சு வேண்டாம்.” அவர் மறுமொழி சொல்லவில்லை, முந்தானையால் கண்ணைத் துடைத்துக்கொண்டார்.

அன்பு வாசகர்களே, இத்தகைய போட்டிகள் நம் இல்லங்களில் எத்தனை! இறந்த முதல் மனைவியோடு இரண்டாம் மனைவிக்கு. மாறிப்போன பழைய ஆசிரியரோடு புதியவருக்கு. மறைந்த தந்தையோடு மகனுக்கு. பங்குக் குருக்களுக்கும் இதில் விலக்கில்லை என்பது உங்களுக்கே தெரியும். எவர் வென்றிருப்பார் என்பதை அறிந்தவரிடம் விட்டுவிடுவோம். குத்துச்சண்டையில் சுற்றுக்கும் சுற்றுக்கும் இடையே ஒரு நிமிட ஓய்வு உண்டு. மேடை மூலையில் காத்திருப்பவர், திரும்பிவரும் வீரருக்குத் தண்ணீர் கொடுத்து, முகத்தைத் துடைத்து, நல்ல வார்த்தை சொல்லி அனுப்புகிறார். இன்று மாலை வேலை முடிந்து வீடு திரும்புகிறவருக்கு அந்த ஒரு நிமிடத்தையாவது நாம் தரலாமே.