நூரனாங் மேட்டில் மூன்று பேர்

அருணாச்சலப் பிரதேசத்தின் சேலா கணவாய்க்குக் கீழே இப்போது சுரங்கப்பாதை வந்துவிட்டது. 2024 மார்ச்சில் திறந்தார்கள். ஆனாலும் ஏரியைப் பார்க்காமல் எப்படிப் போவது என்று ஓட்டுநரிடம் கெஞ்சி, பழைய மலைப்பாதையிலேயே ஏறினோம். 13,700 அடி. நாலு எட்டு வைத்தாலே மூச்சு வாங்கியது. ஏரி பாதி உறைந்து கிடந்தது.

அங்கிருந்து தவாங் பக்கமாக இறங்கும்போது, நல்ல சத்தத்தில் ஓடிக்கொண்டிருந்த பாட்டை ஓட்டுநர் சட்டென்று நிறுத்தினார். மோன்பா இனத்து இளைஞர். "பாபா இடம் வரப்போகுது. இறங்கிக் கும்பிட்டு, டீ குடிச்சுட்டுத்தான் போகணும்" என்றார் இந்தியில்.

அதுதான் ஜஸ்வந்த்கர். ராணுவத்தார் நடத்தும் சிறிய டீக்கடை, பக்கத்தில் நினைவிடம். போகிற வருகிற எல்லோருக்கும் இலவசமாக டீ. குளிரில் விரல் மரத்திருந்ததால் கோப்பையின் சூடே கொஞ்ச நேரம் கழித்துத்தான் உறைத்தது.

உள்ளே ஓர் அறையில் கட்டில். சுருக்கமில்லாமல் விரித்த படுக்கை, மடித்த கம்பளி, சீருடை. கீழே ஒரு ஜோடி பூட்ஸ். குனிந்து பார்த்தேன். முனையின் கறுப்பில் ஜன்னல் வெளிச்சம் ஒரு சின்ன வெள்ளைக் கட்டமாகத் தெரிந்தது. தினமும் யாரோ பாலிஷ் போடுகிறார்கள். விடியற்காலையில் டீயும் வைக்கிறார்கள். இறந்த பிறகும் பாபாவுக்குப் பதவி உயர்வு தந்திருப்பதாகச் சொல்கிறார்கள். அங்கே யாரும் 'இருந்தார்' என்று சொல்வதில்லை, 'இருக்கிறார்' என்றுதான் சொல்கிறார்கள். அந்த ஒரு சொல்லில் எனக்குத் தொண்டை அடைத்துக்கொண்டது.

ரைபிள்மேன் ஜஸ்வந்த் சிங் ராவத். கர்வால் ரைபிள்ஸ் நான்காவது பட்டாலியன். ஊர் பௌரி கர்வால். 1962 இந்திய-சீனப் போரில், நவம்பர் 17 அன்று இறந்தபோது வயது 21. மறைவுக்குப் பின் மகாவீர் சக்ரா கொடுத்தார்கள். அடுத்த நாலைந்து நாளில் சீனா போர் நிறுத்தம் அறிவித்துவிட்டது. நாலைந்து நாள்தான்!

எழுபத்திரண்டு மணி நேரம் தனியாளாக நின்றார், சேலா, நூரா என்ற இரண்டு மோன்பாப் பெண்கள் துணை நின்றார்கள், முந்நூறு பேரை வீழ்த்தினார் என்று ஒரு கதை இங்கே காற்றோடு கலந்திருக்கிறது. கதை சொல்பவர்களின் அன்பை நான் மதிக்கிறேன். ஆனால் அந்த நாளைப் பற்றிய ராணுவப் பதிவில் அவர் தனியாக இல்லை. எனக்கு அதுவே பெரிதாகப் படுகிறது.

அலை அலையாக வந்த தாக்குதல்களைப் பட்டாலியன் அன்று தடுத்துக்கொண்டிருந்தது. சீனர்களின் இயந்திரத் துப்பாக்கி ஒன்று மிக அருகில் வந்து பதுங்குகுழிகளைத் துளைத்தது. அதை அடக்க மூன்று பேர் கிளம்பினார்கள். லான்ஸ் நாயக் திரிலோக் சிங் நேகி ஸ்டென் துப்பாக்கியால் சுட்டுக் காவல் கொடுக்க, ஜஸ்வந்தும் ரைபிள்மேன் கோபால் சிங் குசாயீனும் தவழ்ந்தே போய் கையெறி குண்டு வீசினார்கள். துப்பாக்கியைப் பறித்துக்கொண்டு திரும்பும் வழியில் நேகி விழுந்தார். ஜஸ்வந்தும் விழுந்தார். காயம்பட்ட குசாயீன்தான் அந்தத் துப்பாக்கியை இழுத்துக்கொண்டு பதுங்குகுழிக்கு வந்து சேர்ந்தார். நேகிக்கும் குசாயீனுக்கும் வீர் சக்ரா. பட்டாலியனுக்கு இந்த இடத்தின் பெயரிலேயே 'நூரனாங்' என்ற போர்ப் பெருமை.

வெளியே வந்து சரிவைப் பார்த்தேன். வெறுங்கையோடு நடப்பதற்கே நெஞ்சு இடிக்கிற உயரம் இது. இதில் அடிபட்ட உடம்போடு, இரண்டு தோழர்களை மண்ணில் விட்டுவிட்டு, ஓர் இரும்புத் துப்பாக்கியை இழுத்து வருவதென்றால்? நெடுநேரம் அங்கேயே நின்றேன்.

நோட்டுப் புத்தகத்தில் மூன்று பெயரையும் எழுதிக்கொண்டேன். டீ ஊற்றிய ஜவான் எட்டிப் பார்த்து, எந்த எழுத்து என்று கேட்டார். தமிழ் என்றேன். படிக்கச் சொன்னார். ஜஸ்வந்த், நேகி இரண்டுக்கும் தலையாட்டினார். மூன்றாவதில் நிறுத்தினார். அவரும் கர்வால்காரர்.

"'ன்'னை அழுத்தாதீங்க சாப், மூக்கோட விட்டுடணும்."

மறுபடி சொன்னேன். இன்னொரு தரம் சொல்லச் சொன்னார்.