வன்னிக் காய்ச்சலும் தீவகத்து உடலும்

தீவக மக்களின் வரலாற்றைக் கடலோடிய வரலாறாகவும், தென்னிலங்கையிற் கடைவைத்த வரலாறாகவும் எழுதியோர் பலர். அவர்கள் காய்ச்சலோடு பட்ட பாட்டை எழுதியோர் சிலரே. ஊர்காவற்றுறை, நெடுந்தீவு, நயினாதீவு ஆகிய இடங்களில் ஆறு இல்லை, பெருங்குளமும் இல்லை. மாரி மழையைச் சுண்ணக்கல் நிலம் உறிஞ்சிவிடுகிறது. ஆதலால் வயல் தேடியவர்கள் கடல் கடந்து வன்னிக்குச் சென்றார்கள். இரணைமடுக் குளத்து நீர் அவர்களுக்கு நெல்லைக் கொடுத்தது. அங்கிருந்த நுளம்பு காய்ச்சலைக் கொடுத்தது.

நெடுந்தீவிலிருந்து கிளிநொச்சிக்குச் சென்றவர்களுள் என் அம்மப்பாவும் ஒருவர். முதலாண்டில் அவரை வருத்திய குளிர்காய்ச்சலைப் பற்றி அம்மம்மா இன்றும் சொல்வார். மூன்று சாக்குகளாற் போர்த்தும் நடுக்கம் நிற்கவில்லையாம். எழுந்து நடக்க ஒரு மாதம் சென்றதாம். பக்கத்து வளவில் வாழ்ந்தவரோ தலைமுறை தலைமுறையாக வன்னியிலிருந்த குடும்பத்தவர். அவரும் அதே காய்ச்சலில் விழுந்தார். ஆனால் மூன்றாம் நாளே மண்வெட்டியோடு வரம்பில் நின்றாராம். “எங்கட உடம்புக்கு வன்னித் தண்ணி ஒத்துவரேல்லை” என்பதே அம்மம்மாவின் விளக்கம். அவர் கண்ட வேறுபாடு மெய்யே. ஆனால் அதற்குக் காரணம் தண்ணீரன்று.

மலேரியா மிகுந்த நாட்டிற் பிறந்தவன் குழந்தைப் பருவத்திலிருந்தே மீண்டும் மீண்டும் நோயுறுகிறான். உயிர்தப்பினால், ஒவ்வொரு முறையும் அவன் உடல் அவ்வொட்டுண்ணியின் ஒரு வேடத்தை அறிந்து, அதற்கேற்ற பிறபொருளெதிரிகளை ஆக்கிக்கொள்கிறது. ஒட்டுண்ணிக்கோ வேடங்கள் பல. எனவே அவனுக்குக் கிடைப்பது முழுக் காப்பன்று, பகுதி நிர்ப்பீடனமே. ஒட்டுண்ணி குருதியில் இருக்கும், காய்ச்சலும் வரலாம், ஆயினும் உயிரைப் பறிக்கும் அளவுக்கு நோய் முற்றுவது அரிது. 1900ஆம் ஆண்டளவில் நியூகினியில் ஆராய்ந்த றொபேட் கொக் என்னும் ஜேர்மானிய அறிஞர், குழந்தைகளின் குருதியில் மலிந்திருந்த ஒட்டுண்ணி வளர்ந்தோரின் குருதியில் அருகியிருந்ததைக் கண்டார். 1961இல் வெளியான காம்பியா நாட்டு ஆய்வொன்றில், வளர்ந்தோரின் குருதியிலிருந்து பிரித்தெடுத்த பிறபொருளெதிரிகளை நோயுற்ற குழந்தைகளுக்கு ஏற்றியபோது ஒட்டுண்ணிகள் விரைந்து குறைந்தன. வன்னி விவசாயி மூன்றாம் நாள் எழுந்ததன் இரகசியம் இதுவே.

இவ்வேறுபாட்டை நம் நாடு பெருந்துயராக அனுபவித்த காலம் 1934 - 35. அவ்வாண்டுப் பருவமழை பொய்த்தது. வற்றாது ஓடிய தென்மேற்கின் ஆறுகள் குட்டைகளாகத் தேங்கின. அக்குட்டைகளில் நுளம்பு பெருகிற்று. காய்ச்சலை அதிகம் அறியாத கேகாலை, குருநாகல் முதலிய பகுதிகளின் மக்கள் கூட்டங்கூட்டமாக மாண்டனர். நாடு முழுவதிலும் ஏறத்தாழ 80,000 பேர் இறந்தனர் என்பர். காய்ச்சல் ஆண்டுதோறும் குடியிருந்த உலர்வலயம் அவ்வளவு அழிவைக் காணவில்லை. செழிப்பான மண்ணில் வாழ்ந்தவன் வீழ்ந்தான். வறண்ட காட்டில் வாழ்ந்தவன் தாங்கினான். அது உடல் வலிமையின் வேறுபாடன்று, முன்னனுபவத்தின் வேறுபாடு என்பது கருதத்தக்கது.

நிற்க. இப்பழங்கதையை இன்று எடுத்துரைப்பதற்குக் காரணம் உண்டு. என் மாமா கிளிநொச்சியில் வளர்ந்தவர். 1996இல் அங்கிருந்து இடம்பெயர்ந்து காட்டோரக் கொட்டில்களில் வாழ்ந்த காலத்தில் அவருக்குப் பலமுறை மலேரியா கண்டது. சென்ற ஆண்டு அவருடைய மகனுக்கு ஆபிரிக்க நாடொன்றில் கணக்கெழுதும் வேலை கிடைத்தது. பயணத்துக்கு முன் தடுப்பு மாத்திரை எடுக்கவேண்டும் என்று நான் சொன்னபோது மாமா சிரித்தார். “வன்னிக் காய்ச்சலைத் திண்டு வளர்ந்த குடும்பம் பிள்ளை இது. எங்கட இரத்தத்துக்கு அது ஒண்டும் செய்யாது” என்றார்.

அம்மம்மா தண்ணீரின்மேற் பழிபோட்டார். மாமா இரத்தத்தின்மேற் பெருமை கொண்டார். முன்னதால் எவருக்கும் தீங்கில்லை. பின்னது உயிருக்கே உலைவைக்கக்கூடியது. காய்ச்சல் தரும் காப்பு பிள்ளைகளுக்கு எழுதிவைக்கும் காணியன்று. தாயின் பிறபொருளெதிரிகள் குழந்தையைச் சில மாதங்களே காக்கும். பெற்றவனிடத்தும் அது நிலையாக இராது. நுளம்புக்கடி நின்றபின் படிப்படியாகக் குறையும். ஐரோப்பாவிற் குடியேறிய ஆபிரிக்கர் பிறந்த ஊருக்குச் சென்று நோயுற்றால், முதன்முறை செல்லும் ஐரோப்பியரைவிடச் சற்று இலேசாகத் தப்புவதுண்டு. ஐரோப்பாவிற் பிறந்த அவர்களுடைய பிள்ளைகளுக்கு அச்சலுகையும் இல்லை. மேலும், மாமாவை வருத்தியது வன்னியின் ஒட்டுண்ணி. ஆபிரிக்காவில் மிகுந்திருப்பது பல்சிபாரம் என்னும் கொடிய இனம். சிகிச்சை தாமதித்தால் ஓரிரு நாளிலேயே மூளையைத் தாக்கவல்லது. விடுமுறையில் நெடுந்தீவுக்குத் திரும்பியவனுக்கு இரவிற் காய்ச்சல் கண்டால், பெரிய ஆசுப்பத்திரிக்கும் அவனுக்குமிடையே ஒரு கடலும் கிடக்கிறது.

மச்சான் யாழ்ப்பாணத்தில் மலேரியாத் தடை இயக்கத்தின் பணிமனைக்குச் சென்று மாத்திரைகளைப் பெற்றுக்கொண்டார். அவை பயணிகளுக்கு இலவசமாகவே வழங்கப்படுகின்றன. மாமா இன்னும் முழுதாக ஒப்பவில்லை.

இலங்கையிலேயே நிலைகொண்டிருந்த மலேரியா இறுதியாகக் காணப்பட்டது 2012இல். உலக சுகாதார நிறுவனம் நாட்டை மலேரியா அற்றதாக அறிவித்தது 2016இல். அதே ஆண்டின் இறுதியில் மன்னாரிற் கண்டறியப்பட்ட அனோபிலிசு ஸ்டீபன்சி என்னும் நுளம்பு, கிணறுகளிலும் நீர்த்தொட்டிகளிலும் வளரவல்லது. கிணற்றை நம்பி வாழும் நமக்கு அது நற்செய்தியன்று. 1963இல் நாடெங்கும் 17 நோயாளரே என மகிழ்ந்தோம். 1969இல் அத்தொகை ஐந்து இலட்சத்தைத் தாண்டியது.

இன்று வன்னிப் பிள்ளையும் தீவகப் பிள்ளையும் ஒருவரே. இருவருக்கும் நிர்ப்பீடனம் இல்லை. இதனைக் குறையென எண்ணுதல் வேண்டா. காய்ச்சல் குடியிருந்த ஊரில் அக்காப்புக்கு விலையாகக் கொடுக்கப்பட்டவை குழந்தைகளின் உயிர்கள். பக்கத்து வளவுக்காரர் மூன்றாம் நாள் எழுந்தார். எழாமற்போன அவருடைய தம்பி தங்கையரைப் பற்றி அம்மம்மாவுக்கு எவரும் சொல்லவில்லை. அந்த விலையைக் கொடாமல் வளர்ந்த தலைமுறை நாம். ஆகவே பயணம் புறப்படுமுன் மாத்திரையை வாங்குவதும், திரும்பிவந்து காய்ச்சல் கண்டால் சென்ற நாட்டின் பெயரை மருத்துவரிடம் முதலிற் சொல்லுவதும் நமக்கு உரிய காப்பாகும்.