யமன் வந்திருந்தார், குடிகாரர்தான் வரவில்லை

மதுரை மாட்டுத்தாவணி பேருந்து நிலையத்துக்கு வெளியே சாலைப் பாதுகாப்பு மாதத்துக்காகப் பந்தல் போட்டிருந்தார்கள். காலை பதினொரு மணி. அட்டைக் கிரீடமும் ஒட்டு மீசையுமாக யமன் வேடக்காரர் ஒருவர், போகிற வருகிறவர்கள் கழுத்தில் பாசக்கயிற்றைப் போட்டு, "குடிச்சிட்டு ஓட்டுனா நேரா எங்கிட்டதான்" என்று இழுத்துக்கொண்டிருந்தார். மாட்டியவர்கள் சிரித்துக்கொண்டே செல்ஃபி எடுத்தார்கள். யமனுக்குப் பயந்த காலமெல்லாம் மலையேறிவிட்டது.

உள்ளே வைத்திருந்த கண்ணாடி அப்படியல்ல. பார்க்க நீச்சல் கண்ணாடி போல இருக்கும். போதையில் பார்வை எப்படித் தடுமாறும் என்று காட்டவே செய்யப்பட்டது. அதை மாட்டிக்கொண்டு சாக்பீஸ் கோட்டின்மேல் நடக்க வேண்டும். இரண்டாவது அடியிலேயே கோடு ஒரு பக்கம், என் கால் ஒரு பக்கம். காவலர் ஒருவர் சாவியை நீட்டி, "வண்டியில போடுங்க சார்" என்றார். சாவித் துவாரத்தைச் சுற்றிச் சுற்றிக் குத்தினேன், உள்ளே போகவில்லை. ஆனாலும் ஒன்றை இந்தக் கண்ணாடி காட்டாது. நான் தடுமாறுவது எனக்குத் தெரிந்தது. குடித்தவருக்கு அது தெரியாது. "நான் ஸ்டெடியாத்தான் இருக்கேன்" என்றுதான் வண்டியை எடுப்பார்.

கூட்டம் காது கொடுத்தது அபராதக் கணக்குக்குத்தான். 100 மி.லி. ரத்தத்தில் 30 மி.கி. ஆல்கஹாலைத் தாண்டினாலே வழக்கு. 2019 சட்டத் திருத்தத்துக்கு முன்பு முதல் முறை பிடிபட்டால் அபராதம் 2,000 ரூபாய் வரைதான், இப்போது 10,000. ஆறு மாதம் வரை சிறையும் உண்டு. உடந்தை என்று பின்னால் உட்கார்ந்தவர் மீதும் வழக்குப் போடலாம் என்றதும் ஓர் அம்மா முன்னால் வந்தார்.

"எங்க வீட்டுக்காரரு குடிச்சிருந்தா நான் பின்னாடி ஏறக் கூடாதா? ராத்திரி கல்யாண வீட்டுல இருந்து எப்படிங்க சார் வர்றது?"

"ஆட்டோ பிடிங்கம்மா."

"ஆட்டோக்காரர் கேக்குற காசை யார் குடுப்பா?"

காவலர் சிரித்து மழுப்பினார். துண்டறிக்கையைத் திருப்பித் திருப்பிப் பார்த்தேன். குடித்துவிட்டு ஓட்டாதே என்று நான்கு இடத்தில் இருந்தது. ஓட்டாமல் வீடு போய்ச் சேர ஒரு வழியும் இல்லை. சுற்றி நின்றவர்களில் பாதிப் பேர் பள்ளிப் பிள்ளைகள். முகாம் நடந்ததோ காலை பதினொன்றுக்கு. டாஸ்மாக் திறப்பதே பகல் 12 மணிக்கு, மூடுவது இரவு 10 மணிக்கு.

அதிகாரிகளுக்கு ஒரு வேண்டுகோள்: அடுத்த முகாமை இரவு ஒன்பதரைக்கு ஒரு பார் வாசலில் போடுங்கள். யமன் வேண்டாம். நியாயமான வாடகைக்கு நான்கு ஆட்டோக்களை நிறுத்துங்கள். விட்டுப்போகும் பைக்குகளுக்கு விடியும்வரை ஒரு காவலாளி போதும்.