சைக்கிளில் நீலகிரி – 2: கோத்தகிரி ஏற்றம்

மேட்டுப்பாளையத்தில் மலைச்சாலை இரண்டாகப் பிரிகிறது. ஒன்று கல்லாறு, பர்லியாறு வழியாகக் குன்னூருக்குப் போகிறது. இன்னொன்று கோத்தகிரிக்கு. சுற்றுலாக் கார்கள் பெரும்பாலும் முதலாவதைப் பிடிக்கும். சைக்கிள்காரருக்கு இரண்டாவதுதான் சரி.

மேட்டுப்பாளையம் கடல்மட்டத்திலிருந்து சுமார் 325 மீட்டர் உயரம். கோத்தகிரி ஏறத்தாழ 1,790. நடுவில் 33 கிலோமீட்டர் தூரம். சராசரி பார்த்தால் 100 மீட்டருக்கு நாலரை மீட்டர் ஏற்றம். காகிதத்தில் சாதுவான எண்தான். நாலு மணி நேரம் விடாமல் மிதிக்கும்போதுதான் அதன் குணம் தொடைக்குத் தெரியவரும். அந்தப் பக்கம் குன்னூருக்கு ஏறும் மலை ரயிலோ சில இடங்களில் 12 மீட்டருக்கு ஒரு மீட்டர் உயர்கிறது. வெறும் தண்டவாளத்தில் சக்கரம் வழுக்கும் என்பதால் நடுவே பல்சட்டம் வைத்து, 1899-ல் குன்னூர்வரை ஓடவிட்டார்கள்.

சைக்கிளில் அந்தப் பல்சட்டத்தின் வேலையைக் கியர் செய்ய வேண்டும். முன்னால் 34 பல், பின்னால் 34 பல் என்று வைத்தால் பெடல் ஒரு சுற்றுக்குச் சக்கரமும் ஒரே சுற்று. வண்டி நகர்வது இரண்டு மீட்டருக்குச் சற்று மேல். நிமிடத்துக்கு 60 சுற்று மிதித்தால் வேகம் மணிக்கு ஏழரை கிலோமீட்டர். மூட்டையோடு ஏறுகிறவருக்கு அது போதும். எங்கள் கூட்டத்தில் ஒருவர் இதை ஏற்கவில்லை. பெரிய கியரில் எழுந்து நின்று மிதித்து, அடிவாரத்திலேயே எல்லோரையும் முந்திப் போனார். குஞ்சப்பனையில் ஒரு கல்லின்மேல் உட்கார்ந்திருந்தார். பேச்சு வர நேரமாயிற்று.

வளைவுகளுக்கும் ஒரு சூட்சுமம் உண்டு. கொண்டை ஊசியின் உள்பக்கம் செங்குத்து, வெளிப்பக்கம் ஏற்றம் குறைவு. நாம் இடப்பக்கம் போகிறவர்கள். அதனால் இடது வளைவில் உள்பக்கம் மாட்டிக்கொள்கிறோம். வலது வளைவு மூச்சு வாங்க இடம் தருகிறது. இடது வளைவுக்கு முன்பே கியரை இறக்கிவிட வேண்டும். பாதி வளைவில் இறக்கினால் சங்கிலி முரண்டு பிடிக்கும்.

குஞ்சப்பனைப் பகுதியில் பலா மரங்கள் அதிகம். பழம் பழுக்கும் மாதங்களில் வாசனை பிடித்து யானைகள் சாலையோரம்வரை வருகின்றன. காரில் இருப்பவருக்குக் கண்ணாடியாவது உண்டு. சைக்கிளில் இருப்பவருக்கு அதுவும் இல்லை. விடிவதற்கு முன்பும் இருட்டிய பிறகும் இந்தச் சாலையில் வீரம் வேண்டாம்.

நீலகிரிக்கு வெள்ளையர் முதலில் போட்ட பாதையும் இந்தப் பக்கம்தான். கோவை கலெக்டர் ஜான் சல்லிவன் 1819-ல் மலையேறி வந்தார். பிறகு சிறுமுகையிலிருந்து கோத்தகிரி அருகிலுள்ள திம்பட்டிக்குப் பாதை வெட்டப்பட்டது. கன்னேரிமுக்கில் அவருடைய பங்களா இன்று அருங்காட்சியகமாக இருக்கிறது. குதிரைக்காக வெட்டிய தடம் ஓரளவு நிதானமாகத்தான் ஏறியிருக்கும் என்பது என் ஊகம்.

அரவேனு வந்ததும் காற்று மாறிவிடுகிறது. ஆயிரம் மீட்டர் ஏறினால் சுமார் ஆறரை டிகிரி வெப்பம் குறையும். கீழே வியர்வையில் ஊறிய சட்டை இங்கே குளிரத் தொடங்கும். காற்றுத்தடுப்புச் சட்டையைப் பையின் அடியில் திணிக்காமல் மேலேயே வையுங்கள். மாவட்டத்தில் பிளாஸ்டிக் தண்ணீர் பாட்டிலுக்குத் தடை இருப்பதால் சொந்த பாட்டில் இரண்டேனும் அவசியம்.

மே மாதம் வேண்டாம். கோடை சீசனில் போலீசார் வழக்கமாக ஒருவழிப் போக்குவரத்து அறிவிக்கிறார்கள். மேலே போகும் வண்டிகள் குன்னூர் வழியாகவும், இறங்குபவை கோத்தகிரி வழியாகவும் திருப்பிவிடப்படும். அப்போது ஊட்டியிலிருந்து இறங்கும் கூட்டம் முழுவதும் உங்கள் எதிரே வரும். டிசம்பர், ஜனவரியில் வாருங்கள். காலை ஏழுக்குப் புறப்பட்டால் மதியச் சாப்பாட்டைக் கோத்தகிரியில் முடித்துக்கொள்ளலாம்.

(தொடரும்)