பாடம் பாஸ்டனிலிருந்து... பக்கத்தில் யார்?

மங்கோலியாவின் தலைநகரம் உலான்பாத்தர். உலகத் தலைநகரங்களிலேயே குளிர் அதிகமான ஊர் என்று பெயர் வாங்கியது. ஜனவரி இரவுகளில் மைனஸ் 30 டிகிரி என்பதெல்லாம் அங்கே சர்வசாதாரணம். மனிதர்களைவிட ஆடு, மாடு, குதிரைகளின் எண்ணிக்கை பல மடங்கு அதிகமாக உள்ள நாடு அது. அந்த ஊர்ப் பள்ளிக்கூடம் ஒன்றில் படித்துக்கொண்டிருந்த பாத்துஷிக் மியாங்கன்பாயர் என்ற பையனுக்கு 2012-ல் வயது 15.

அந்த ஆண்டு மார்ச் மாதம் அமெரிக்காவின் எம்.ஐ.டி. ஒரு புதுக் காரியத்தைத் தொடங்கியது. நம்ம குரோம்பேட்டை எம்.ஐ.டி. இல்லை, பாஸ்டனை ஒட்டிய கேம்பிரிட்ஜ் நகரில் இருக்கும் மாசசூசெட்ஸ் தொழில்நுட்பக் கழகம். அங்கே வழக்கமாக இரண்டாம் ஆண்டு மாணவர்கள் படிக்கும் 'சர்க்யூட்ஸ் அண்ட் எலெக்ட்ரானிக்ஸ்' பாடத்தை இணையத்தில் ஏற்றி, யார் வேண்டுமானாலும் படிக்கலாம் என்று கதவைத் திறந்துவிட்டது. கட்டணம் இல்லை. நுழைவுத்தேர்வு இல்லை. வீடியோ பாடங்கள், வீட்டுப்பாடம், கணினித் திரையிலேயே செய்து பார்க்கிற சோதனைக்கூடம், தேர்வு எல்லாம் உண்டு. தேறினால் சான்றிதழும் உண்டு.

194 நாடுகளிலிருந்து சுமார் 1,55,000 பேர் பெயர் கொடுத்தார்கள். அமெரிக்காவுக்கு அடுத்து அதிகம் பேர் சேர்ந்தது இந்தியாவிலிருந்துதான். கடைசிவரை படித்துச் சான்றிதழ் வாங்கியவர்கள் 7,157 பேர். முழு மதிப்பெண் எடுத்தவர்கள் 340 பேர். அந்த 340 பேரில் ஒருவன் பாத்துஷிக். அடுத்த ஆண்டே அவனுக்கு எம்.ஐ.டி.யில் இடம் கிடைத்தது.

பாடம் நடத்திய குழுவுக்குத் தலைமை தாங்கியவர் பேராசிரியர் அனந்த் அகர்வால். மங்களூரில் பள்ளிப் படிப்பு, சென்னை ஐ.ஐ.டி.யில் பொறியியல், அதன் பிறகு அமெரிக்கா. கிண்டியில் படித்த ஒருவர், பாஸ்டன் பக்கத்தில் உட்கார்ந்து சொல்லிக்கொடுத்ததை, மங்கோலியாவில் ஒரு பள்ளி மாணவன் கேட்டுக் கற்றுக்கொண்டான். இரண்டு ஊர்களுக்கும் நேர வித்தியாசம் அந்த மாதங்களில் சரியாக 12 மணி நேரம். அங்கே நண்பகல் என்றால் இங்கே நள்ளிரவு. ஆசிரியர் தூங்கும் நேரத்தில் மாணவன் பாடம் படிக்கிறான்!

இந்தக் கதையைப் பல பெற்றோர் இத்துடன் நிறுத்திவிட்டு, 'பார்த்தியா, ஒரு கம்ப்யூட்டரும் நெட்டும் இருந்தா போதும். உனக்கு எல்லாம் வாங்கிக் கொடுத்தும் ரீல்ஸ்தானே பார்க்கிறே?' என்று பிள்ளையைப் பிடித்துக்கொள்வார்கள். கொஞ்சம் பொறுங்கள். கதையில் இன்னும் சிலர் இருக்கிறார்கள்.

பாத்துஷிக் படித்த பள்ளியின் முதல்வர் என்க்முங்க் சுர்கான்ஜின். எம்.ஐ.டி.யில் பட்டம் பெற்ற முதல் மங்கோலியர் அவர். 2009-ல் படிப்பை முடித்தவர், ஊர் திரும்பிப் பள்ளிக்கூடம் நடத்திக்கொண்டிருந்தார். இணையத்தில் அந்தப் பாடம் வருகிறது என்று தெரிந்ததும், 'நம் பிள்ளைகளும் படித்துப் பார்க்கட்டுமே' என்று சுமார் 20 மாணவர்களை உட்கார வைத்தார். சர்க்யூட்டைத் திரையில் பார்த்தால் போதாது, கையால் கம்பியைச் சொருகிப் பார்க்க வேண்டும் என்று அவருக்குத் தெரியும். எம்.ஐ.டி. நண்பர் டோனி கிம்மை அழைத்தார். ஸ்டான்ஃபோர்டில் ஆராய்ச்சி செய்துகொண்டிருந்த கிம், சோதனைக் கருவிகளைப் பெட்டிகளில் அடைத்து எடுத்துக்கொண்டு உலான்பாத்தருக்கே வந்து, கூடவே இருந்து சொல்லிக்கொடுத்தார்.

ஆக, பாடம் பாஸ்டனிலிருந்து வந்தது. பக்கத்தில் ஒரு முதல்வர் இருந்தார், ஒரு அண்ணன் இருந்தார், ஒரே கணக்கில் ஒன்றாக முட்டி மோதும் நண்பர்கள் இருந்தார்கள். பையனின் புத்திசாலித்தனத்தை யாரும் குறைத்துச் சொல்ல முடியாது. ஆனால், அவன் தனியாக இல்லை.

இது வெறும் நெகிழ்ச்சிக்காகச் சொல்வதல்ல. அந்தப் பாடத்தைப் படித்தவர்களைப் பற்றி ஓர் ஆய்வு 2013-ல் வெளியானது. திரைக்கு வெளியே, கூடப் படிக்கும் ஒருவருடனோ, விஷயம் தெரிந்த ஒருவருடனோ சேர்ந்து உட்கார்ந்து படித்தவர்கள், தனியாகப் படித்தவர்களைவிடச் சராசரியாக ஏறக்குறைய 3 மதிப்பெண் அதிகம் எடுத்தார்கள் என்று அதில் தெரியவந்தது. உலகம் முழுவதையும் இணைக்கிற வகுப்பிலும், பக்கத்து நாற்காலிக்கு ஒரு மதிப்பு இருந்திருக்கிறது.

இன்னொரு புறம், பெயர் கொடுத்த 100 பேரில் 5 பேர்கூட முடிக்கவில்லை. எல்லோரும் தோற்றார்கள் என்று சொல்ல முடியாது. எட்டிப் பார்க்க வந்தவர்கள் உண்டு. தேவையான இரண்டு பாடத்தை மட்டும் கேட்டுவிட்டுப் போனவர்கள் உண்டு. ஆனால், ஆசையாகத் தொடங்கி, மூன்றாவது வாரம் ஒரு சந்தேகத்தில் மாட்டி, கேட்க ஆளில்லாமல் மெல்ல நழுவியவர்களும் அந்தக் கூட்டத்தில் இருந்திருப்பார்கள்.

மொழியும் ஒரு மலைதான். பாடம் முழுக்க ஆங்கிலத்தில் இருந்தது. பாத்துஷிக் செய்ததில் மிக அழகான காரியம் முழு மதிப்பெண் அல்ல. கடினமான இடங்களை மங்கோலிய மொழியில் தானே விளக்கி, வீடியோ எடுத்து, வகுப்பு நண்பர்களுக்காக யூடியூபில் போட்டான். கற்ற வித்தையை வீட்டுக்கும் பயன்படுத்தினான். கார் நிறுத்துமிடத்துக்கு வெளியே விளையாடும் தங்கைக்கு ஆபத்து வரக்கூடாது என்று, உள்ளிருந்து கார் வந்தால் எச்சரிக்கும் சைரன் ஒன்றைச் செய்தான்.

நம் ஊருக்கு வருவோம். ஐ.ஐ.டி.களும் பெங்களூரு ஐ.ஐ.எஸ்சி.யும் சேர்ந்து நடத்தும் என்.பி.டி.இ.எல். பாடங்களை இன்று யாரும் இலவசமாகப் படிக்கலாம். சான்றிதழ் தேர்வுக்கு மட்டும்தான் கட்டணம். பல பாடங்கள் தமிழிலும் மொழிபெயர்க்கப்பட்டிருக்கின்றன. பல கல்லூரிகளில் இதற்கென ஓர் ஆசிரியர் பொறுப்பில் இருக்கிறார். அந்த ஆசிரியர் பதிவு செய்யச் சொல்வதோடு நிறுத்திக்கொள்கிறாரா, வாரம் ஒருமுறை 'எதுவரைக்கும் வந்தே?' என்று கேட்கிறாரா என்பதில்தான் வித்தியாசம் இருக்கிறது.

வேலையிலும் இதே கதைதான். தென்காசி பக்கம் மத்தளம்பாறையில் 2011-லிருந்து ஜோஹோ நிறுவனத்தின் அலுவலகம் இருக்கிறது. குற்றாலச் சாரல் படும் தூரத்தில் எழுதப்படும் மென்பொருளை எங்கோ ஒரு நாட்டின் கடைக்காரர் பயன்படுத்துகிறார். அந்த நிறுவனம் நடத்தும் பள்ளியில் பிளஸ் டூவும் டிப்ளமோவும் முடித்தவர்களைச் சேர்த்து, கட்டணம் வாங்காமல், உதவித்தொகையும் கொடுத்துப் பயிற்சி அளிக்கிறார்கள். நிரல் எழுதக் கற்றுத்தரும் பாடங்கள் இணையத்தில் கொட்டிக்கிடக்கும் காலத்திலும், அங்கே மாணவர்களை நேரில் உட்கார வைத்து, ஆள் போட்டுத்தான் சொல்லிக்கொடுக்கிறார்கள்.

கொரோனா நாள்களை யாரும் மறந்திருக்க மாட்டார்கள். பாடம் டி.வி.யிலும் செல்போனிலும் வந்தது. அப்பாவின் ஒரே போனுக்கு மூன்று பிள்ளைகள் சண்டை போட்ட வீடுகள் உண்டு. போன் கிடைத்தும், பாடம் புரியாமல் வெறுமனே பார்த்துக்கொண்டிருந்த பிள்ளைகளும் உண்டு. அந்த இழப்பை ஈடுகட்ட 2021-ல் தமிழக அரசு கொண்டுவந்த திட்டம்தான் 'இல்லம் தேடிக் கல்வி'. அதில் சொல்லிக்கொடுத்தது புது செயலியோ, புது சேனலோ இல்லை. தெருவில், மரத்தடியில், கோயில் திண்ணையில் சாயங்காலம் ஒன்றரை மணி நேரம் பிள்ளைகளோடு உட்காரத் தன்னார்வலர்கள் வந்தார்கள். அவர்களில் மிகப் பெரும்பாலோர் பெண்கள். அதே தெரு அக்காக்கள்!

உலகத்தின் மிகச் சிறந்த வகுப்பு இன்று பிள்ளையின் உள்ளங்கைக்கு வந்துவிடுகிறது. அதற்கு மேல் வீட்டில் இருப்பவர்கள் செய்ய என்ன இருக்கிறது? டிரான்சிஸ்டர் என்றால் என்னவென்றே தெரியாத அம்மாவும் செய்யக்கூடியது ஒன்று உண்டு. 'இன்னைக்கு என்ன கத்துக்கிட்டே? எனக்குப் புரியிற மாதிரி சொல்லு பார்ப்போம்' என்று கேட்கலாம். அம்மாவுக்குப் புரிகிற தமிழில் சொல்ல முயலும்போது, எது தனக்கே புரியவில்லை என்பது பிள்ளைக்குத் தெரிந்துவிடும். அதே பாடத்தைப் படிக்கும் பக்கத்துத் தெருப் பிள்ளையை ஞாயிற்றுக்கிழமை வீட்டுக்குக் கூப்பிடலாம். இருவருக்கும் ஆளுக்கு ஒரு டம்ளர் டீ போட்டுக் கொடுத்தால், செலவு அவ்வளவுதான்.