ஓர் அழுத்தமும் ஓர் ஒற்றும்

பகுபதத்தைப் பகுதி, இடைநிலை, விகுதி எனப் பிரித்துப் பழகிய எனக்கு இத்தாலிய வினைச்சொற்கள் முற்றிலும் அயலாகத் தோன்றவில்லை. 'பார்லாவனோ' என்றால் 'பேசிக்கொண்டிருந்தனர்' என்பது பொருள். இதில் 'பார்ல்' பகுதி. 'ஆ' வினையின் வகையைக் காட்டும் உயிர். 'வ' காலம் காட்டும் இடைநிலை. 'னோ' பலரைச் சுட்டும் விகுதி. தமிழிற்போலவே எழுவாய் தோன்றாவிடினும் விகுதியே வினை செய்தவரை உணர்த்திவிடும்.

என்னை வியப்பில் ஆழ்த்தியது அசையழுத்தமே. 'பார்லோ' என்னும் ஈரசைச் சொல்லில் முதலசையை அழுத்தினால் 'நான் பேசுகிறேன்'. ஈற்றசையை அழுத்தினால் 'அவர் பேசினார்'. இடமும் காலமும் ஒருங்கே மாறிவிடுகின்றன! அழுத்தம் ஈற்றில் விழும்போது அவ்வெழுத்தின்மேல் சாய்கோடு இடுவர். ஏனைய இடங்களில் பெரும்பாலும் எக்குறியும் இராது. ஈற்றயலசையை அழுத்துவதே பெருவழக்கு. ஆயினும் 'ஆபிதனோ' (வாழ்கின்றனர்) என்பதில் நான்கசைகளுள் முதலசையே அழுத்தம் பெறும். ஏட்டில் காணாததைச் செவிதான் கற்றுத்தர வேண்டும்.

'பேசுவேன்' எனப் பொருள்படும் 'பார்லெரோ' ஈற்றில் அழுத்தம் பெறுவதற்கு ஒரு வரலாறு உண்டு. இலத்தீனின் பழைய எதிர்கால வடிவங்கள் வழக்கொழிந்தபோது, மக்கள் வினைப்பெயருடன் 'உடையேன்' என்னும் சொல்லைச் சேர்த்து வழங்கினர். நாளடைவில் அத்துணைச்சொல் தேய்ந்து விகுதியாயிற்று. அழுத்தம் மட்டும் அது நின்ற இடத்தைக் காத்து நிற்கிறது.

"ஓர் ஒற்றில் என்ன இருக்கிறது ஐயா?" என்று வகுப்பில் மாணவர் கேட்பதுண்டு. அவர்களுக்கு நான் இரு சொற்களைக் கரும்பலகையில் எழுதிக் காட்டுவேன். 'பார்‑லெ‑ரே‑மோ' என்றால் 'பேசுவோம்' என்னும் உறுதி. 'பார்‑லெ‑ரெம்‑மோ' என்றால் 'வாய்ப்பிருந்தால் பேசுவோம்' என்னும் நிபந்தனை. முன்னதில் துணைச்சொல்லின் நிகழ்கால வடிவமும், பின்னதில் அதன் இறந்தகால வடிவமும் கரைந்துள்ளன. மகரம் இரட்டித்ததும் ரேகாரம் குறுகிற்று, வாக்குறுதியும் தளர்ந்தது.

ஒற்றை விழுங்கிப் பேசுவோர் அங்கே தாம் கொடாத வாக்கைக் கொடுத்துவிடக்கூடும். பாடு, பாட்டு என்பவற்றை வேறுபடுத்தி ஒலிக்கும் தமிழர்க்கு இந்நுட்பம் எளிதில் விளங்கும். இலக்கணம் வறண்ட விதித்தொகுப்பு அன்று. ஒருவர் சொல்ல எண்ணியது மற்றவர் செவியில் பிறழாமல் சென்று சேரச் செய்யும் நேர்மையே அது.