காத்திருப்பவர்களையும் கணக்கில் எடுத்துக்கொண்டவருக்கு

மொன்டானா மாநிலம், குளேசியர் தேசியப் பூங்கா, செயின்ட் மேரி பெர்மிட் மேசையில் அந்த ஜூலைக் காலையில் இருந்த ரேஞ்சர் அவர்களுக்கு,

உங்கள் பெயரை இங்கே எழுதப்போவதில்லை. கேட்காமல் ஒருவர் பெயரை ஊரறியப் போடுவது முறையில்லை. ஆனால் நன்றியை மட்டும் எல்லோர் காதிலும் விழும்படி சொல்ல வேண்டும் என்று நினைக்கிறேன். 2025 பிப்ரவரியில் தேசியப் பூங்காத் துறையில் ஏறக்குறைய 1,000 பேரை ஒரே வீச்சில் வேலையைவிட்டு அனுப்பினார்கள் என்ற செய்தி வந்தபோது, எங்கள் வீட்டில் எல்லோரும் உங்கள் மேசையைத்தான் நினைத்தோம். அம்பாசமுத்திரத்திலிருந்து அப்பா போன் செய்து, "அந்தப் பொண்ணு வேலை இருக்கா, விசாரிச்சியா?" என்று கேட்டார். அவருக்கு நீங்கள் "அந்தப் பொண்ணு"தான். மரியாதைக் குறைவாக எடுத்துக்கொள்ள வேண்டாம். பெற்ற பிள்ளைகளைத்தான் அவர் அப்படிச் சொல்வார்.

எங்களை நினைவுபடுத்தச் சில அடையாளங்கள் சொல்கிறேன். மினியாபொலிஸிலிருந்து ஆர்.வி. எடுத்துக்கொண்டு வந்த தமிழ்க் குடும்பம். நான், கணவர், கல்லூரியில் சேரவிருந்த மகள், ஊரிலிருந்து வந்திருந்த என் அப்பா, அம்மா. மகளுக்குக் காட்டுக்குள் நடந்து கூடாரத்தில் தூங்க வேண்டும். அப்பாவுக்கு முழங்கால் தேய்மானம். கால் மைலுக்கு மேல் நடந்தால் உட்கார இடம் தேடுவார். அம்மாவுக்கு இரவில் எழுந்தால் பக்கத்திலேயே கழிவறை வேண்டும். இந்த மூன்றையும் ஒரே பயணத்தில் சேர்க்க வேண்டும் என்பதால்தான் ஆர்.வி. என்று முடிவாயிற்று. அடுப்பு, படுக்கை, கழிவறை எல்லாம் கூடவே வரும் வண்டி என்றதும் அம்மா பாதி நிம்மதியானார்.

அந்த வண்டியோடு உங்கள் பூங்காவுக்கு வருவதற்கு எவ்வளவு படிக்க வேண்டியிருந்தது! பூங்காவின் மலைச்சாலையான கோயிங் டு தி சன் ரோட்டில் அவலாஞ்ச் க்ரீக்குக்கும் ரைசிங் சன்னுக்கும் நடுவே 21 அடிக்கு மேல் நீளமோ 8 அடிக்கு மேல் அகலமோ உள்ள வண்டி போகக் கூடாது. நீளத்தில் பம்பரும் சேர்த்தி, அகலத்தில் பக்கக் கண்ணாடியும் சேர்த்தி. எங்கள் வண்டி 25 அடி. முகாம்களில் மின் இணைப்போ குழாய் இணைப்போ கிடையாது. ஜெனரேட்டரைக் குறிப்பிட்ட நேரத்தில் மட்டும்தான் ஓட்டலாம். தண்ணீரைத் தொட்டியில் பிடித்து வைத்துக்கொள்ள வேண்டும், கழிவை அதற்கான இடத்தில்தான் கொட்ட வேண்டும். அப்பா வண்டியின் நீளம், அகலம், உயரம் மூன்றையும் ஒரு அட்டையில் எழுதி டாஷ்போர்டில் ஒட்டிவைத்தார். ஓய்வுபெற்ற போக்குவரத்துக் கழக ஊழியர். வண்டியின் அளவு தெரியாமல் மலைப்பாதையில் கைவைப்பது அவரைப் பொறுத்தவரை குற்றம்.

அதனால் அந்தச் சாலையின் உச்சியான லோகன் பாஸ் கணவாய்க்கு ஷட்டில் பேருந்தில் போனோம். 6,646 அடி உயரம். 1921-இல் தொடங்கி 1932-இல் முடித்த சாலை. மலையைக் கிழித்து வளைவு மேல் வளைவாக ஏற்றும் திட்டத்தை ஒதுக்கிவிட்டு, ஒரே ஒரு கொண்டை ஊசி வளைவோடு பாறை விளிம்பை ஒட்டியே கொண்டுபோகலாம் என்று வாதாடிய தாமஸ் விண்ட் என்ற நிலவடிவமைப்பாளரைப் பற்றி அப்பா வழியெல்லாம் பேசிக்கொண்டு வந்தார். பாபநாசம் மலைப்பாதையில் பேருந்துகள் ஏறுவதைப் பார்த்து வளர்ந்தவருக்கு அது சும்மா காட்சியில்லை. பெரிய வண்டியை அனுமதித்திருந்தால் அந்த விளிம்பை என்றோ இடித்து அகலப்படுத்தியிருப்பார்கள். 21 அடி என்ற கறாருக்கு நன்றி சொல்லச் சொன்னதும் அவர்தான். வசந்தத்தில் பனியை வழித்துச் சாலையைத் திறப்பவர்களுக்கும் இந்த இடத்திலேயே ஒரு கும்பிடு. கணவாய்க்குப் பக்கத்தில் 80 அடி வரைக்கும் குவியும் பனியை, சரிவு எந்நேரமும் உருளலாம் என்று தெரிந்தே இயந்திரத்தில் உட்கார்ந்து வெட்டுகிறார்கள்.

இனி, காட்டுக்குள் தங்க அனுமதி தரும் உங்கள் மேசை. நான் எழுத உட்கார்ந்ததே இதற்காகத்தான்.

மகள் இரண்டு வழிகளை எழுதிக்கொண்டு வந்திருந்தாள். ஒன்று கன்சைட் கணவாய் ஏறி மேற்கே மெக்டொனால்ட் ஏரியில் இறங்குவது. இன்னொன்று கனடா எல்லையை ஒட்டிய சீஃப் மவுன்டன் பக்கம் தொடங்கி, பெல்லி ஆற்றுப் பள்ளத்தாக்கில் நடந்து, டார்மிகன் சுரங்கம் வழியாக மெனி குளேசியரில் வெளியே வருவது. அவள் மனம் கன்சைட்டில். நீங்கள் தாளை வாங்கிப் பார்த்துவிட்டு முதலில் கேட்டது: "எத்தனை பேர் நடக்கிறீர்கள், எத்தனை பேர் காத்திருக்கிறார்கள்?"

நடப்பது நானும் மகளும் என்று சொல்லிவிட்டு, பின்னால் பெஞ்சில் உட்கார்ந்திருந்த அப்பா அம்மாவைக் காட்டினேன். நீங்கள் அவர்களைப் பார்த்துத் தலையசைத்துவிட்டு வரைபடத்தை அவர்கள் பக்கமாகத் திருப்பி வைத்தீர்கள். அந்தச் சிறு அசைவை நான் மறக்கமாட்டேன். கன்சைட்டில் சரிவான பனிப்பரப்பு இன்னும் கரையவில்லை, பழக்கமில்லாதவர்கள் சறுக்கினால் நிற்க முடியாது என்றீர்கள். அதோடு முடித்திருக்கலாம். ஆனால் பென்சிலை எடுத்து, ஆர்.வி. மெக்டொனால்ட் ஏரிக்கு வர வேண்டுமானால் எந்த வழியாகச் சுற்ற வேண்டும் என்று கோடு போட்டீர்கள்: பூங்காவுக்குத் தெற்கே, நெடுஞ்சாலை 2-ஐப் பிடித்து, மரியாஸ் கணவாய் தாண்டி. "நீங்கள் இறங்கத் தாமதமானால் இவர்கள் எங்கே நிற்பார்கள்? யாரிடம் கேட்பார்கள்? வழியில் போன் எடுக்காது" என்றீர்கள். பெல்லி ஆற்றுப் பாதை என்றால் வெளியே வரும் இடத்துக்கே ஆர்.வி. வந்துவிடும், அங்கே இருக்கும் ஹோட்டல் வராந்தாவில் உட்காரலாம், ரேஞ்சர் நிலையமும் பக்கத்தில் இருக்கிறது என்றீர்கள்.

நாங்கள் மாதக்கணக்காகத் திட்டமிட்டிருந்தோம். தண்ணீர், எரிவாயு, அரிசி, மருந்துப் பெட்டி எல்லாவற்றுக்கும் கணக்கு இருந்தது. காட்டுக்குள் போகிறவர்களைப் பற்றித்தான் எல்லாப் புத்தகங்களும் பேசுகின்றன. வெளியே உட்கார்ந்து மணி பார்க்கிறவர்களுக்கும் ஒரு திட்டம் வேண்டும் என்று எங்களிடம் சொன்ன முதல் ஆள் நீங்கள். ஒரு தாளில் பெரிய எழுத்தில் எழுதிக் கொடுத்தீர்கள்: எந்த நாள், எந்தப் பாதைமுனை, எத்தனை மணிவாக்கில் வருவோம், எப்போது வரை கவலைப்பட வேண்டியதில்லை, அதற்குப் பிறகு யாரிடம் போய் எந்த பெர்மிட் எண்ணைச் சொல்ல வேண்டும். மகள் அதைத் தமிழில் சொல்லச் சொல்ல அப்பா கீழே தமிழில் எழுதிக்கொண்டார். அம்மா அந்தத் தாளை மாத்திரை டப்பாவுக்குள் மடித்து வைத்துக்கொண்டார்.

பிறகு சாப்பாடு. அம்மா எங்களுக்காகப் புளிக்காய்ச்சல் கிளறி வைத்திருந்தார். பெருங்காயத்தின் வாசனை பை முழுக்க. நீங்கள் முகம் சுளிக்கவில்லை. எடுத்துப் போகலாம், ஆனால் மணக்கிற எதுவும் கூடாரத்துக்குள் வரக் கூடாது என்றீர்கள். பற்பசை, உதட்டுக்குத் தடவும் களிம்பு, பாத்திரம் கழுவிய தண்ணீரில் மிஞ்சும் பருக்கை வரைக்கும் கணக்கு. 1967 ஆகஸ்ட் 13 அதிகாலையில் இதே பூங்காவில் மைல்கணக்கான தூரத்தில் இரண்டு இடங்களில், இரண்டு கிரிஸ்லி கரடிகள் 19 வயதுப் பெண்கள் இருவரைக் கொன்றன. அந்தக் காலத்தில் விருந்தினர் வேடிக்கை பார்க்கவென்று கரடிக்கு எச்சில் சோறு கொட்டும் வழக்கம் இருந்தது. மனிதச் சாப்பாட்டுக்குக் கரடியைப் பழக்கினால் என்ன ஆகும் என்பது அந்த ஒரே இரவில் தெரிந்துபோயிற்று. இன்றைய சமைக்கும் இடம் வேறு, தூங்கும் இடம் வேறு என்ற ஏற்பாட்டுக்குப் பின்னால் அந்த இரண்டு பிள்ளைகள் இருக்கிறார்கள். நீங்கள் பயமுறுத்தாமல், குரலை உயர்த்தாமல் அதைச் சொன்னீர்கள். அம்மா கேட்டுவிட்டு, புளிக்காய்ச்சலை ஆர்.வி. குளிர்பெட்டியில் வைத்துப் பூட்டிவிட்டு, வறுத்த அவலும் வேர்க்கடலையும் கட்டிக் கொடுத்தார்.

பெல்லி ஆற்றுப் பாதையில் நாங்கள் தங்கிய எலிசபெத் ஏரியில் மகள் அந்தச் சாப்பாட்டுப் பையைக் கரடிக்கு எட்டாதபடி கட்டித் தூக்கியது இப்போதும் கண்ணில் நிற்கிறது. நீங்கள் சொன்னபடி 25 அடிக் கயிறு. உயரத்தில் குறுக்காகக் கட்டிய கழி. ஒரு காலுறைக்குள் கூழாங்கல்லைப் போட்டுக் கயிற்று நுனியில் முடிந்து வீசினாள். கல் கழியில் பட்டுத் திரும்பி வந்தது. மறுபடி வீசினாள், தாண்டியது. இரண்டு பேருமாக இழுத்தோம். பை ஆடி ஆடி ஏறி, தரையிலிருந்து 10 அடிக்கு மேல் போய் நின்றது. கயிற்றை மரத்தில் சுற்றி முடிச்சுப் போட்டுவிட்டு அவள் கையைத் தட்டிக்கொண்டாள். பிறகு நாங்கள் நிம்மதியாகத் தூங்கினோம்.

வழியில் ஒலி எழுப்பிக்கொண்டே போகச் சொன்னீர்கள். மணி கட்டினால் போதாது, மனிதக் குரல் வேண்டும் என்றீர்கள். மகள் தமிழ்ப் பள்ளியில் மனப்பாடம் செய்த குறள்களை ஒவ்வொன்றாக உரக்கச் சொல்லிக்கொண்டு முன்னால் போனாள். அவள் தடுமாறும் இடத்தில் நான் எடுத்துக்கொடுத்தேன். இடுப்புப் பட்டையில் கரடி ஸ்ப்ரே. உள்ளே இருப்பது மிளகாயின் காரம்தான் என்று சொன்னபோது அம்மாவுக்கு அந்தக் குப்பியின்மேல் உடனே நம்பிக்கை வந்துவிட்டது. பாதையில் கரடி எச்சத்தைப் பார்த்தோம். கரடியைப் பார்க்கவில்லை. அதுவே போதும்.

உங்கள் பாதைப் பணியாளர்களுக்கும் எங்கள் நன்றியைச் சொல்லிவிடுங்கள். ஆற்றின்மேல் ஒருவர் பின் ஒருவராகத்தான் போக வேண்டிய தொங்குபாலம், கோடைக்கு முன் பலகை அடுக்கிக் குளிருக்கு முன் கழற்றிவிடுவார்களாம். ஒவ்வொரு பலகையையும் யாரோ தோளில் சுமந்திருக்கிறார்கள். அதைத் தாண்டி மேலே ஏறினால், செங்குத்துச் சிவப்புப் பாறையைச் செதுக்கிய பாதை. பள்ளத்தின் ஓரத்தில் கல்லடுக்கிய கைப்பிடிச் சுவர். கடைசியில் 1930-இல் குடைந்த டார்மிகன் சுரங்கம், சுமார் 240 அடி. ஒரு முனையில் நாங்கள் விட்டுவந்த ஏரி நீலமாகக் கிடந்தது. மறு முனையில் நின்றதும் மகள் கேட்டது, "தாத்தா எந்தப் பக்கம்மா இருப்பாங்க?"

இன்னொரு நன்றி உங்களுக்கு உரியதல்ல, ஆனால் நீங்கள்தான் சொல்லச் சொன்னீர்கள். பூங்காவின் கிழக்குப் பாதி பிளாக்ஃபீட் மக்களின் நிலம். 1895-இல், பட்டினி தின்ற காலத்துக்குப் பின், 15 லட்சம் டாலருக்கு அதை விட்டுக்கொடுத்து அவர்கள் கையெழுத்திட வேண்டிவந்தது. 1910-இல் அது பூங்காவானது. இந்த மலைகளை அவர்கள் உலகின் முதுகெலும்பு என்கிறார்கள். அவர்கள் வாழும் பிரவுனிங் ஊரில் நின்று போங்கள், அவர்கள் வாயால் கேளுங்கள் என்றீர்கள். நின்றோம். அங்கே பெட்ரோல் போட்ட இடத்தில் ஒரு பெரியவர் அப்பாவோடு நெடுநேரம் குதிரைகளைப் பற்றிப் பேசினார். இருவருக்கும் ஆங்கிலம் இரண்டாம் மொழி என்பது எனக்குப் பிறகுதான் தெரிந்தது.

மெனி குளேசியரில் நாங்கள் வெளியே வந்தபோது தாளில் எழுதிய நேரத்துக்குள்தான் வந்தோம். அம்மா தாளைக் கையில் வைத்திருக்கவில்லை. ஆர்.வி.யில் ரசம் வைத்துக்கொண்டிருந்தார். கவலைப்பட வேண்டிய நேரம் இன்னும் வரவில்லை என்று உங்கள் எழுத்தில் இருந்ததே, பிறகு எதற்கு வாசலில் நிற்க வேண்டும் என்றார். என் அம்மா என்னை எதிர்பார்த்துப் பதறாமல் இருந்து நான் பார்த்ததில்லை. அந்த நிம்மதியை ஒரு தாளில் எழுதித் தந்தவர் நீங்கள்.

இந்த மடலை ஆங்கிலத்திலும் எழுதி, பூங்காக் கண்காணிப்பாளர் அலுவலகத்துக்கு ஒரு பிரதியும், எங்கள் தொகுதியின் காங்கிரஸ் உறுப்பினருக்கு ஒரு பிரதியும் அனுப்பியிருக்கிறேன். பெர்மிட் மேசைக்கு ஆள் வேண்டும், ஒவ்வொருவரிடமும் நின்று பேச அவர்களுக்கு நேரம் வேண்டும் என்று இரண்டிலும் கேட்டிருக்கிறேன். தமிழில் படிப்பவர்கள் யாராவது இந்த ஆண்டு அந்தப் பக்கம் போவதாக இருந்தால், அவர்களும் தங்கள் உறுப்பினருக்கு எழுதினால் நல்லது.


மினியாபொலிஸிலிருந்து ஒரு தாய், ஒரு மகள்